மேங்கோவுக்குள்ளே ஒரு மாங்காய்!

ஓசூர் சிப்காட் இளைஞர்களைப் பாருங்கள். வீட்டில் தமிழ், டீக்கடையில் தெலுங்கு, அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று வெளுத்துக் கட்டுவார்கள். மேனேஜர் இங்கிலீஷில் ஆரம்பித்தால் மட்டும் 'எஸ் சார்... நோ சார்...'தான்! வேலை நன்றாகத் தெரிந்தும், இந்தக் கூச்சத்தாலேயே இன்டர்வியூவையும் புரமோஷனையும் கோட்டை விட்டவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சமாச்சாரம்.

கிருஷ்ணகிரி பக்கம் சீஸன் வந்தால் கூழ் ஃபேக்டரி வாசலில் 'பெங்களூரா' மாம்பழ லாரிகள் வரிசை கட்டும். (மற்ற ஊர்க்காரர்களுக்கு அது கிளிமூக்கு!) பழம் கூழாகி, கப்பலேறி வெளிநாடு போகும்போது அதன் பெயர் 'மேங்கோ'.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மாவும் காயும் சேர்ந்தால் 'மாக்காய்' ஆவதில்லை. நடுவே ஒரு 'ங்' முளைத்து மாங்காய் ஆகிறது. தமிழ் ஐயா பிரம்போடு சொல்லிக் கொடுத்த அதே புணர்ச்சி விதி! மலையாளத்தில் மாங்ங. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்த பிறகு போர்ச்சுகீசியர் வாயில் அது 'மாங்கா' ஆனது. மலாய் மொழி வழியாகப் போனது என்கிற அகராதிகளும் உண்டு. எப்படியோ, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷுக்குள் நுழைந்துவிட்டது. மா இருக்கிறது, ஒட்டுப்போட்ட 'ங்' பத்திரமாக இருக்கிறது. காயின் வாலைத்தான் நறுக்கிவிட்டார்கள்!

அப்புறம் நடந்ததுதான் தமாஷ். லண்டனுக்குக் கப்பல் போய்ச் சேர மாதக்கணக்காகும். பழம் தாங்குமா? ஊறுகாயாகத்தான் போனது. 'ஓஹோ, ஊறுகாய்க்குத்தான் மேங்கோ என்று பேர் போல!' என்று அங்கே வெள்ளரிக்காயையும் முலாம்பழத்தையும் ஊறப்போட்டு, அதையும் மேங்கோ என்றார்கள். அமெரிக்காவில் இண்டியானா, ஒஹையோ பக்கம் குடமிளகாய்க்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது!

நாம் காய்க்கு ஒரு பெயர், பழத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். கன்னடக்காரரும் மாவினகாயி, மாவினஹண்ணு என்று பிரித்துத்தான் சொல்வார். இங்கிலீஷ்காரருக்கு மட்டும் பழுத்துக் கனிந்து சாறு ஒழுகினாலும் அது 'காய்'தான்!

இப்படி ஊர் ஊராகக் கடன் வாங்கி, தப்பும் தவறுமாகப் பேசியே வளர்ந்த பாஷை சார் அது. கடன் வாங்கியவரே கூச்சப்படவில்லை, கொடுத்தவருக்கு என்ன கூச்சம்? தைரியமாகப் பேசுங்கள். யாராவது 'போடா மாங்கா' என்று சிரித்தால், 'தேங்க் யூ, அது எக்ஸ்போர்ட் குவாலிட்டி!' என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தை ஆரம்பியுங்கள்.