வீட்டுத் திரையில் பாதாள பைரவி

மந்திரவாதி என்றதும் நீண்ட தாடியும் உருட்டும் விழியும் பயங்கரச் சிரிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. தமிழ்க் குடும்பங்களின் மனத்திலே இவ்வுருவத்தை ஆழப் பதித்தவர்களுள் முதன்மையானவர் எஸ். வி. ரங்காராவ். 1951 ஆம் ஆண்டு விஜயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் தயாரித்தளித்த ‘பாதாள பைரவி’யில் அவர் நேபாள மந்திரவாதியாகத் தோன்றினார். அப்பொழுது அவருக்கு வயது 33 கூட நிரம்பவில்லை என்பது வியப்புக்குரியது.

இத்தகைய பழம் படங்களை நம்மவர் வீட்டிலிருந்தே காணும் வழக்கம் புதிதன்று. 1980 களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’கையும் வாடகைக்கு எடுத்து, அயலட்டை முழுவதும் ஒரு முற்றத்திலே கூடி விடியவிடியப் படம் பார்த்ததுண்டு. 1990 இல் போர் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்ற பின்னரும், மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கிடையே அவ்வழக்கம் தொடர்ந்தது. பின்னர் இறுவட்டுக்கள் வந்தன. எனவே, பாட்டனார் கொட்டகையிலே கண்டு நடுங்கிய படத்தை இன்று பேரப்பிள்ளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

கதை எளியது. தோட்டக்காரியின் மகனொருவன் உஜ்ஜயினி இளவரசி இந்துமதியைக் காதலிக்கிறான். செல்வத்திலே தமக்கு நிகரானால் மகளைத் தருவதாக அரசர் கூறுகிறார். மந்திரவாதிக்கும் ஒரு வேட்கை உண்டு. கேட்டதைத் தரும் பதுமையொன்றைப் பெறுவதற்கு, வீரமும் விவேகமும் பொருந்திய இளைஞனொருவனை அவன் பாதாள பைரவிக்குப் பலியிட வேண்டும். செல்வம் தேடும் இளைஞன் அவன் கையிலே வந்து சிக்குகிறான்.

கே. வி. ரெட்டியின் நெறியாள்கையில் உருவான இப்படத்தை மீண்டும் காணும்பொழுது ஓர் உண்மை தெளிவாகிறது. மந்திரத்தினால் மயங்கி எவரும் இவனிடம் அகப்படவில்லை. ஆசையினால் மயங்கியே அகப்படுகின்றனர். இளைஞனைப் பொருளாசை இழுக்கிறது. பின்னர் பதுமையைத் திருடிக் கொடுக்கும் அரசனின் மைத்துனனை, இளவரசிமேற் கொண்ட மோகம் இழுக்கிறது. முடிவிலே மந்திரவாதியும் அவ்வாறே வீழ்கிறான். இளவரசியின் மனத்தைக் கவர எண்ணித் தாடியை மழித்துக் கொள்கிறான். அவன் ஆற்றல் முழுவதும் அத்தாடியிலேதான் இருந்தது!

படத்தின் மாயங்களும் மனிதக் கைகளின் வேலையே. கணினி இல்லாத அக்காலத்தில், கமராவை நிறுத்தி, பொருளை அகற்றி, மீண்டும் ஓடவிடுவர். பொருள் மறைந்து போகும். ஒரே சுருளில் இருமுறை படம் பிடிப்பர், ஆவியுரு தோன்றும். இத்தகைய தந்திரக் காட்சிகளிலே வல்லவர் இதன் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. ‘மாயாபஜார்’, ‘செம்மீன்’ ஆகியவற்றையும் அவரே ஒளிப்பதிவு செய்தார். மாணவர்கள் படத்தை மெதுவாக ஓடவிட்டு இச்சூட்சுமங்களை ஆராயலாம். அச்சம் அகலும்; கலைஞர்மீது மதிப்புப் பெருகும்.

இந்த ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. காய்ச்சலிலே கிடக்கும் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுமுன், ‘செய்வினையோ’ என்று ஐயுற்றுத் தேசிக்காய் வெட்ட ஆள் தேடுவோர் நம்மிடையே இன்றும் இல்லாமலில்லை. டெங்குக் காய்ச்சலில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு உலை வைக்கும். பணம் போவது ஒருபுறமிருக்க, ‘செய்வித்தவர் யார்?’ என்ற கேள்வி எழுந்துவிட்டால் வேலிக்கு அப்பால் உள்ள உறவும் பகையாகிறது. திரையிலே ஆசையைத் தூண்டிலாக்கினான் மந்திரவாதி. ஊரிலோ நம் அச்சமே தூண்டிலாகிறது.

ஆகவே, ஒரு விடுமுறை நாளிலே பிள்ளைகளோடு அமர்ந்து இப்படத்தைப் பாருங்கள். ரங்காராவின் சிரிப்புக்கு அவர்கள் அஞ்சினால் அஞ்சட்டும். தாடி மழிக்கும் கட்டம் வந்ததும், அவன் வலிமை எங்கே போயிற்று என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள்.