ஒரே வெயில்தான், எல்லாருக்கும் ஒரே சூடு இல்லை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சிராங்கூன் சாலையில் நடந்து பாருங்கள். ஐந்தடி நடைபாதையில் நிழல் விழும் இடமெல்லாம் கூட்டம் நெருக்கும். சாலையைக் கடந்தால் தாரின் சூடு செருப்பையும் மீறிக் காலில் ஏறும். கடைவீடுகளின் பின்சந்தில் நுழைந்தால் குளிர்சாதனக் கருவிகள் வெளியே தள்ளும் அனல் முகத்தில் அடிக்கும். அரைமணி நேரத்தில் வானம் இருண்டு மழை கொட்டினாலோ, அதே கூட்டம் அதே நடைபாதையில்தான் ஒதுங்கும்.

வெயிலும் மழையும் நமக்குப் புதியவை அல்ல. பருவநிலை மாற்றத்தால் இரண்டும் கடுமையாகும்போது யார் முதலில் பாதிக்கப்படுவார்கள் என்பதுதான் இப்போதைய கவலை. நிபுணர்கள் இதை மூன்று கேள்விகளாகப் பிரிக்கிறார்கள். வரப்போகும் ஆபத்து எவ்வளவு? அதன் எதிரே யார், எது இருக்கிறது? அவர்களுக்குத் தாங்கும் சக்தி எவ்வளவு?

எண்கள் சொல்வது

முதல் கேள்விக்கான விடை ஓரளவு கையில் இருக்கிறது. சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு 2024 ஜனவரியில் வெளியானது. உலகம் வெளியேற்றும் கரிமத்தைப் பொறுத்து, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நம் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை உயரலாம். 35 டிகிரியைத் தாண்டும் நாள்கள் இப்போது ஆண்டுக்குச் சராசரியாக 21. அது 41 ஆகலாம், மிக மோசமான நிலையில் 351 ஆகவும் கூடும். கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம். தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைந்த உயரத்தில்தான் இருக்கிறது.

எருமைத் தொழுவமும் கால்வாயும்

தேக்கா வட்டாரத்தின் பழைய மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ். எருமைத் தொழுவம் என்று பொருள். தண்ணீரும் புல்லும் நிறைந்த தாழ்நிலம் என்பதால்தான் மாட்டு வணிகம் இங்கே செழித்தது. பஃப்ளோ ரோடு அந்தக் காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. அருகிலேயே ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. சுங்கை ரோட்டின் பெயரிலேயே ஆறு இருக்கிறது.

இப்படிப்பட்ட தாழ்நிலங்களுக்குப் பெருமழை எப்போதுமே சோதனை. 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாயலேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. இன்றுவரை அதுதான் நம் உச்சம். அந்த வெள்ளத்தில் எழுவர் உயிரிழந்தனர்.

1970களில் சுமார் 3,200 ஹெக்டர் நிலம் வெள்ள அபாயத்தில் இருந்தது. கால்வாய்களை அகலப்படுத்தியும் ஆழப்படுத்தியும் அதை 30 ஹெக்டருக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். ஜாலான் புசார் போன்ற தாழ்வான பகுதிகளுக்கு 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு பெரும் துணை. கடல் தணிந்திருந்தால் மதகுகளைத் திறந்து மழைநீரை வெளியேற்றுவார்கள். கடல் ஏறியிருந்தால் ஏழு ராட்சத பம்புகள் நீரை இறைக்கும். கடல்மட்டம் உயர உயர, மதகைத் திறக்கும் வாய்ப்பு குறைந்து பம்புகளின் வேலை கூடும்.

அதற்காக வெள்ளம் அறவே ஒழிந்துவிட்டது என்று எண்ண முடியாது. 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அதன்பின் மாற்றுக் கால்வாய் வெட்டி, நிலத்தடியில் மழைநீர்த் தொட்டி கட்டினார்கள். அந்தப் பணிகள் முடிய 2018 ஆயிற்று. மழை சில மணி நேரத்தில் செய்த வேலைக்கு மனிதருக்கு எட்டாண்டுகள் பிடித்தன.

உறங்கவிடாத சூடு

வெள்ளம் கண்ணுக்குத் தெரியும், செய்தியிலும் வரும். சூடு சத்தமில்லாமல் வேலை செய்யும். நெருக்கமாகக் கட்டடங்கள் உள்ள இடத்துக்கும் மரங்கள் அடர்ந்த இடத்துக்கும் இடையே ஏழு டிகிரி வரை வேறுபாடு இருக்கலாம் என்று இங்கு நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பகலில் வெயிலை உறிஞ்சும் கான்கிரீட், அதை இரவில்தான் வெளியே விடுகிறது.

2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 40 ஆண்டு உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளிப்புற வேலைகளுக்கான விதிகளைக் கடுமையாக்கியது. காற்றின் சூடு, ஈரப்பதம், வெயிலின் தாக்கம், காற்றோட்டம் ஆகிய நான்கையும் சேர்த்த அளவீடு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிட ஓய்வு தரவேண்டும். புதிதாக வருபவர்களை வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்கவும் வேண்டும்.

நல்ல விதி. ஆனால் அது வேலை நேரத்தோடு முடிந்துவிடுகிறது. பகலில் சூடான உடல் இரவில்தான் தணிய வேண்டும். பலர் சேர்ந்து உறங்கும் அறையில், மின்விசிறி அனலையே சுற்றிவிடும் இரவில், அது எப்படித் தணியும்? சரியாக உறங்காத ஊழியர் மறுநாள் காலை வேலைக்குப் போகும்போதே களைத்திருப்பார். சிறிய வாடகை வீட்டில் தனியாக வாழும் முதியவருக்கும் இதே நிலைதான். குளிர்சாதனம் இருந்தாலும் மின்கட்டணத்துக்குப் பயந்து அதை அணைத்துவைப்பவர்கள் உண்டு. நூற்றாண்டின் இறுதியில் வெப்பமான இரவுகள் கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும் வரலாம் என்று ஆய்வு எச்சரிப்பதை இவர்களை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஆகவே ஒரு வட்டாரத்தின் பாதிப்பை அளக்க, வானிலை நிலையத்தின் பிற்பகல் சராசரி போதாது. நள்ளிரவில் மேல்மாடி அறையின் சூடு எவ்வளவு, பெருமழை பெய்யும் அந்த ஒரு மணி நேரத்தில் எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கிறது, அங்கே வசிப்பவர் யார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வழி நம் முன்னோர் காலத்திலேயே இருந்தது. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே கடைகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று விதித்தார்கள். அந்த ஐந்தடிதான் இன்றும் வெயிலுக்கும் மழைக்கும் நம்மைக் காக்கிறது. கைப்பேசியில் மைஎன்வி செயலி இருந்தால் வெப்ப அளவையும் வெள்ள எச்சரிக்கையையும் பார்த்துக்கொள்ளலாம். செயலி பார்க்கத் தெரியாத ஒரு பாட்டி பக்கத்து வீட்டில் இருந்தால், கடும் வெயில் நாளில் ஒருமுறை கதவைத் தட்டி, “தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு வாருங்கள்.