ஏட்டுச்சட்டம் முதல் கைப்பேசி உறை வரை

நுழையும்முன்
அறிவைச் சுமக்கும் கருவியை உறையிட்டுக் காப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஓலைச்சுவடிக்கு மரச்சட்டம் காவலாக நின்றது. இன்றைய கைப்பேசிக்கு நெகிழி உறை காவலாக நிற்கிறது. இரண்டின் பணியும் ஒன்றே. பணி முடிந்தபின் அவை சென்று சேரும் இடமோ வேறு. நெகிழி உறைக்கு மாற்றான பொருள்கள் எவை, அவற்றுள் தக்கதை எவ்வாறு தேர்வது என்பன குறித்து இப்பாடம் ஆராய்கிறது.

சட்டம் காத்த சுவடி

பனையோலையைப் பதப்படுத்தி எழுத்தாணியால் எழுதிய முன்னோர், ஏடுகளை ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிற்றில் கோத்தனர். அக்கட்டின் மேலும் கீழும் மரச்சட்டங்களை வைத்து இறுகக் கட்டினர். ஏட்டின் விளிம்பு முறியாமலும் ஓலை சுருண்டுவிடாமலும் அச்சட்டங்கள் காத்தன. சுவடி இருக்கும்வரை சட்டமும் இருந்தது. பயன் தீர்ந்தபின் இரண்டும் மண்ணோடு கலந்தன.

கைப்பேசி உறையின் நிலை இதற்கு நேர்மாறானது. கைப்பேசியின் நீள அகலமும் ஒளிப்படக் கருவி அமைந்த இடமும் பொத்தான்களின் வரிசையும் வடிவத்திற்கு வடிவம் வேறுபடுகின்றன. ஆகவே, பழைய கைப்பேசியின் உறை புதிய கைப்பேசிக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. கைப்பேசி மாறும்போது நல்ல நிலையிலுள்ள உறையும் குப்பையாகிறது. உலகில் ஆண்டொன்றுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட திறன்பேசிகள் விற்பனையாகின்றன. ஒவ்வொன்றுக்கும் 30 கிராம் எடையுள்ள ஓர் உறை எனக் கொண்டாலே, ஆண்டுக்கு 30,000 டன் பொருள் தேவைப்படுகிறது. நிறத்திற்காகவும் அழகுக்காகவும் அடிக்கடி மாற்றப்படும் உறைகள் இக்கணக்கில் சேரா.

உறை ஏன் வேண்டும்?

கேடு தருவது உறை என்றால் உறையே இல்லாமல் இருந்துவிடலாமே என்னும் வினா எழக்கூடும். இயற்பியல் இதற்கு விடை தருகிறது. 200 கிராம் எடையுள்ள கைப்பேசி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டராக இருக்கும். கடினமான தரை அதனை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்திவிடுவதாகக் கொள்வோம். அப்போது அதன்மீது செயல்படும் சராசரி விசை ஏறத்தாழ 890 நியூட்டன் ஆகும். நெகிழ்வான உறையொன்று அந்நேரத்தை ஐந்து மடங்காக நீட்டித்தால், விசை ஏறத்தாழ 180 நியூட்டனாகக் குறைந்துவிடும். மோதும் நேரத்தை நீட்டி விசையைக் குறைப்பதே உறையின் பணியாகும்.

இப்பணியின் மதிப்பு பெரிது. கைப்பேசிக்குள் செம்பு, பொன், லித்தியம், கோபால்ட் முதலிய உலோகங்கள் உள்ளன. இவை பல நாடுகளில் மண்ணை அகழ்ந்தும் பெருமளவு நீரையும் ஆற்றலையும் செலவிட்டும் பெறப்படுகின்றன. உலகின் கோபால்ட் தேவையில் பெரும்பகுதியைக் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் சுரங்கங்களே நிறைவு செய்கின்றன. திறன்பேசி ஒன்று தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம வெளியீட்டின் பெரும்பகுதி, அது வாங்குபவரின் கையை வந்து சேருமுன்னரே, உற்பத்தியின்போதே நிகழ்ந்துவிடுகிறது. எனவே, கைப்பேசியை உடையாமல் காத்து அதன் வாழ்நாளை ஓராண்டு நீட்டிக்கும் உறை, சூழலுக்கும் நன்மை செய்கிறது. இயற்கைப் பொருளால் ஆனதெனினும், கைப்பேசியை உடையவிடும் உறை சூழலுக்கு நட்பானது ஆகாது.

நெகிழி உறையின் இயல்பு

சந்தையில் கிடைக்கும் உறைகள் பெரும்பாலும் மூவகைப்படும். கெட்டியான உறைகள் பாலிகார்பனேட்டாலும், வளையும் தன்மையுடைய ஒளிபுகும் உறைகள் வெப்ப நெகிழிப் பாலியூரித்தேனாலும், தொடுவதற்கு மென்மையான உறைகள் சிலிக்கோனாலும் ஆனவை. கெட்டியான முதுகும் மென்மையான விளிம்பும் கொண்ட உறைகளில் முதலிரண்டும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும்.

இவ்வொட்டுதலே மறுசுழற்சிக்குத் தடையாகிறது. நெகிழிப் பொருள்களின் அடியில் காணப்படும் முக்கோணக் குறியில் 1 முதல் 6 வரையிலான எண்கள் குறிப்பிட்ட நெகிழி வகைகளைச் சுட்டும். எஞ்சிய அனைத்தும் 7 என்னும் எண்ணுக்குள் அடங்கும். பாலிகார்பனேட்டும் பாலியூரித்தேனும் அவ்வகையைச் சேர்ந்தவை. வகை பிரித்தறிய முடியாத நெகிழியை மறுசுழற்சி செய்வோர் பெரும்பாலும் ஏற்பதில்லை. உலகில் உண்டாகும் நெகிழிக் கழிவில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்படுவதாகப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியப்படும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. கைப்பேசி உறை பலநாள் பயன்படும் பொருளாதலால் அத்தடைக்குள் வராது. இங்குச் சட்டம் செய்யாத பணியை வாங்குபவரின் அறிவே செய்யவேண்டும்.

மாற்றுப் பொருள்கள்

மாற்றுப் பொருள்களுள் முதலில் கருதத்தக்கது தக்கை. போர்ச்சுகல் நாட்டில் மிகுதியாக வளரும் தக்கை ஓக் மரத்தின் பட்டையிலிருந்து இது கிடைக்கிறது. உலகத் தக்கை உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி அந்நாட்டினுடையது. தக்கைக்காக மரத்தை வெட்டுவதில்லை. பட்டையை மட்டும் உரித்தெடுக்கின்றனர். நட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆனபின்னரே முதன்முறை பட்டை உரிக்கப்படும். அதன்பின் பட்டை மீண்டும் வளர ஒன்பது ஆண்டுகள் காத்திருக்கின்றனர். காற்று நிறைந்த நுண்ணறைகளால் ஆனதாகையால் தக்கை அதிர்ச்சியைத் தாங்கும், வழுக்காது, எடையும் குறைவு. வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், மின்னேற்றம் செய்யும்போது கைப்பேசி சூடேறினால் உறையைக் கழற்றிவைப்பது நன்று.

[தெரிந்து தெளிவோம்: இராபர்ட் ஹூக் தாம் அமைத்த நுண்ணோக்கியில் தக்கையின் மெல்லிய சீவலை வைத்து நோக்கினார். தேன்கூட்டினைப் போன்ற சிற்றறைகள் தெரிந்தன. 1665இல் வெளியான தம் நூலில் அவற்றுக்கு அவர் இட்ட பெயரே இன்று உயிரியலில் ‘செல்’ என வழங்குகிறது. அறிவியலுக்குச் செல்லைக் காட்டிய அந்த அறைகளே, கைப்பேசி விழும்போது அதிர்வைத் தாங்குகின்றன.]

அடுத்தது மூங்கில். புல்லினத்தைச் சேர்ந்த மூங்கிலின் சில வகைகள் ஒரே நாளில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியவை. வெட்டிய பின்னரும் நிலத்தடித் தண்டிலிருந்து மீண்டும் முளைக்கும். மூங்கில் உறுதியானதே எனினும் எளிதில் வளையாது. அதனால், மூங்கில் உறை எனப்படுபவற்றின் விளிம்பு பெரும்பாலும் நெகிழியாகவே இருக்கும். தக்கை உறைகள் சிலவற்றிலும் மெல்லிய தக்கைத் தாள் நெகிழியின்மீது ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இவ்வாறு ஒட்டப்பட்ட உறை மட்கவும் செய்யாது. மறுசுழற்சிக்கும் எளிதில் உதவாது.

கனடா நாட்டின் புல்வெளிப் பகுதிகளில் ஆளிவிதைக்காக ஆளிச்செடி பயிரிடப்படுகிறது. விதையைப் பிரித்தபின் எஞ்சும் தண்டினைத் துகளாக்கி, மட்கும் தன்மையுடைய பல்லுறுப்பியுடன் கலந்து உறை செய்யும் முறை அங்கு வளர்ந்துள்ளது. வேளாண் கழிவு பயன்பொருளாவது இதன் சிறப்பாகும்.

தோலுறை நீண்டகாலம் உழைக்கும். ஆனால் தோல் எவ்வாறு பதனிடப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். குரோமிய உப்புகளால் தோலைப் பதனிட்ட கழிவுநீர் பாலாற்றையும் சுற்றியுள்ள விளைநிலங்களையும் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை 1996இல் அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. குரோமியம் வருவதற்கு முன்பே ஆவாரம்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் தோலைப் பதனிடும் முறை தமிழகத்தில் இருந்தது. தாவர முறையில் பதனிட்ட தோல் ஒப்புநோக்கத் தீங்கு குறைந்ததாகும்.

கைத்தறித் துணியால் தைத்த பையும் ஓர் எளிய மாற்றே. கீறலிலிருந்து அது காக்கும். ஆனால், கையிலிருந்து நழுவும் கைப்பேசியைக் காக்காது.

சொல்லும் பொருளும்

உறைகளின் மேலட்டையில் ‘உயிரிநெகிழி’, ‘மட்கக்கூடியது’ என்னும் சொற்கள் காணப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரு பொருள் தருவன அல்ல. உயிரிநெகிழி என்பது எதிலிருந்து வந்தது என்பதைக் கூறுகிறது. மட்கக்கூடியது என்பது எவ்வாறு முடியும் என்பதைக் கூறுகிறது. கரும்பிலிருந்து பெறும் பாலித்தீன் உயிரிநெகிழியே; எனினும் அது மட்காது. பெட்ரோலியத்திலிருந்து பெறும் சில பல்லுறுப்பிகளோ மட்கும்.

மட்கும் என்பதற்கும் சூழல் உண்டு. மக்காச்சோள மாவுப்பொருளிலிருந்து பெறும் பாலிலாக்டிக் அமிலம், ஏறத்தாழ 58 டிகிரி செல்சியசு வெப்பமும் ஈரமும் நுண்ணுயிர்களும் அமைந்த உரமாக்கும் நிலையத்தில் சில மாதங்களில் மட்கிவிடும். வீட்டுத் தோட்டத்து மண்ணில் அவ்வெப்பம் நிலைத்திராது. ஆகவே, அங்கு அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும். மட்கும் நெகிழிகளுக்கு இந்தியாவில் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்னும் தரநிலை பின்பற்றப்படுகிறது. தரநிலை எதனையும் குறிப்பிடாமல் பச்சை இலையின் படத்தை மட்டும் அச்சிட்டிருப்பது சான்று ஆகாது.

தேர்வு செய்யும் முறை

உறை வாங்க எண்ணுபவர் நான்கு வினாக்களை வரிசையாக எழுப்பிக்கொள்ளலாம்.

முதலாவது, இருக்கும் உறை போதாதா என்பது. ஒளிபுகும் பாலியூரித்தேன் உறை புற ஊதாக்கதிராலும் வெப்பத்தாலும் மஞ்சளாகிறது. நிறம் மாறியவுடனே காக்கும் திறன் போய்விடுவதில்லை. விரிசல் விடாமலும் தளர்ந்துபோகாமலும் இருக்கும்வரை அவ்வுறை பயன்படும். நல்ல நெகிழி உறையை எறிந்துவிட்டுத் தக்கை உறை வாங்குவதனால் குப்பையே பெருகும்.

இரண்டாவது, புதிய உறை கைப்பேசியைக் காக்குமா என்பது. நான்கு மூலைகளும் மூடப்பட்டுள்ளனவா, கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கும்போது திரை தரையில் படாதவாறு விளிம்பு உயர்ந்துள்ளதா என நோக்கவேண்டும்.

மூன்றாவது, உறை முழுவதும் ஒரே பொருளால் ஆனதா, அல்லது பகுதிகளை எளிதில் பிரிக்க இயலுமா என்பது. மறுசுழற்சி செய்த நெகிழியால் ஆன, உறுதியான ஒற்றைப்பொருள் உறை, நெகிழியில் ஒட்டிய மூங்கில் உறையைவிடச் சிறந்ததாக அமையக்கூடும்.

நான்காவது, பயன் தீர்ந்தபின் அது எங்குச் செல்லும் என்பது. தம் ஊரில் உரமாக்கும் நிலையம் இல்லாதபோது, அதனை நம்பிச் செய்யப்பட்ட உறையை வாங்குவதில் பயன் குறைவு. பழைய உறையைத் திரும்பப் பெறும் உற்பத்தியாளரைத் தேர்வதும், அதே வடிவக் கைப்பேசி உடையவருக்கு உறையைக் கொடுத்துவிடுவதும் நல்ல வழிகள்.

இவ்வினாக்களுக்குள் ‘எந்தப் பொருள் இயற்கையானது?’ என்பது தனித்து நிற்கவில்லை. எவ்வளவு காலம் உழைக்கும், எதனைக் காக்கும், எங்கு முடியும் என்பவற்றோடு சேர்த்து எண்ணும்போதே அது பொருளுடையதாகிறது. சுவடியின் மரச்சட்டம் மரத்தால் ஆனது என்பதனால் மட்டும் சிறந்ததன்று; தான் காத்த ஏட்டின் வாழ்நாள் முழுவதும் உடன் இருந்து, பின் மண்ணுக்குச் சுமையாகாமல் மறைந்ததனாலும் சிறந்தது. கைப்பேசி உறையிலும் அவ்வளவே எதிர்பார்க்கவேண்டும்.

கற்பவை கற்றபின்
1. உங்கள் வீட்டில் பயன்படுத்தாமல் கிடக்கும் கைப்பேசி உறைகளை எண்ணி, அவை கைவிடப்பட்ட காரணங்களை வகைப்படுத்துக.
2. ‘உயிரிநெகிழி அனைத்தும் மட்கும்’ என்னும் கருத்தை மறுத்து ஒரு பத்தி எழுதுக.
3. உங்கள் ஊரில் சேரும் நெகிழிக் கழிவு எங்குக் கொண்டுசெல்லப்படுகிறது என்பதைத் தூய்மைப் பணியாளரிடம் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.