உடம்பின் சொற்கள் - 9: அடக்கக் கூடாத 14

சென்ற வாரம் பசியையும் தாகத்தையும் பார்த்தோம். ‘நான் பசிக்கிறேன்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ‘எனக்குப் பசிக்குது’ என்கிறோம். எனக்கு வேர்க்குது, எனக்கு விக்குது, எனக்குத் தூக்கம் வருது, எனக்குக் குமட்டுது. உடம்பு தன் வேலையைத் தானே செய்கிறது, அது நமக்கு நேர்கிறது என்பதை நம் இலக்கணமே ஒப்புக்கொள்கிறது.

இப்படித் தானாகக் கிளம்பி வருவதைச் சித்த மருத்துவம் ‘வேகம்’ என்கிறது. வேகங்கள் 14: கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, காசம், இளைப்பு, நித்திரை, வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது அதன் விதி. இந்தப் பட்டியலில் சில சொற்கள் இன்று பொருள் மாறி நிற்கின்றன. காசம் என்றதும் நமக்குக் காசநோய் நினைவுக்கு வரும். இங்கே அது இருமல். இளைப்பு என்றால் மெலிவு என்று நினைப்போம். இங்கே அது களைப்பு. மரத்தடியில் உட்கார்ந்து ‘இளைப்பாறும்போது’ அந்தப் பழைய பொருள் இன்னும் நம்மோடு இருக்கிறது.

தும்மலை அடக்குவது குறளிலேயே ஒரு காட்சி. 132ஆம் அதிகாரத்தில் தலைவன் தும்முகிறான். ‘யார் நினைத்துத் தும்மினீர்’ என்று அழுகிறாள் தலைவி. அடுத்த குறளில் பயந்துபோய்த் தும்மலை அடக்குகிறான். ‘யாரோ நினைப்பதை மறைக்கிறீரா’ என்று அதற்கும் அழுகிறாள். அந்த ஊடல் அழகுதான், ஆனால் அடக்கிய தும்மல் நல்லதில்லை. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டால் வெளியே போக வேண்டிய காற்று காதுப் பக்கம் முட்டும். செவிப்பறை கிழிந்தவர்களும் உண்டு.

தும்மலைச் சபையில் பேசலாம். சிறுநீரும் மலமும் அப்படியில்லை. அவற்றுக்காகவே தமிழில் ‘இடக்கரடக்கல்’ என்றொரு வழக்கு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் அதைத் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக வைக்கிறது. ‘கால் கழுவி வந்தான்’ என்பது பள்ளியில் எல்லோரும் படித்த எடுத்துக்காட்டு. ஒன்றுக்கு, ரெண்டுக்கு என்பது வகுப்பறை வழக்கு. கொல்லைக்கு, வெளிக்கு, காட்டுக்கு என்பவை ஊர் வழக்கு. இவை மூன்றும் இடத்தின் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் கழிப்பறை இல்லாத காலம் இந்தச் சொற்களில் பதிந்திருக்கிறது. படுக்கையறையை ஒட்டியே கழிப்பறை வந்த பிறகும் என் அம்மா ‘வெளிக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார்.

அந்த அம்மாவை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். “யூரின் போறப்ப எரியுதாம்மா?” என்று கேட்டார் அந்த இளம் மருத்துவர். அம்மா என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார், “அதெல்லாம் இல்லம்மா” என்றார். நான் எழுந்து வெளியே வந்தேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் குரல் தணிந்து கேட்டது: “எரியல தாயி, கடுக்குது. போயிட்டு வந்தாலும் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கு. நாலு நாளா தண்ணியே குடிக்கல.” எரிச்சல் வேறு, கடுப்பு வேறு. நீர்க்கடுப்பு என்ற பெயரே அவருக்குத் தெரிந்திருந்தது. மகன் முன்னால் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நாலு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்ததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. சொல்லை அடக்கப் பழகியவர்கள் வேகத்தையும் அடக்கிவிடுகிறார்கள். பள்ளியில் கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சப்படும் சிறுமி, காலையிலிருந்தே தண்ணீர் பாட்டிலைத் திறப்பதில்லை. பேருந்துப் பயணம் என்றால் முந்தின இரவே தொண்டையைக் காயப்போடும் பெண்கள் எத்தனை பேர்! சிறுநீர்ப்பை 400, 500 மில்லி வரைதான் தாங்கும். நீர் தேங்கினால் கிருமி பெருகும். பெண்ணுக்குச் சிறுநீர்த் தாரையின் நீளம் ஏறக்குறைய 4 செ.மீ.தான், ஆகவே தொற்று எளிதில் மேலேறும்.

இடக்கரடக்கல் சபைக்கு உரியது. மருத்துவரின் அறைக்குள்ளும், தாய்க்கும் மகளுக்கும் இடையிலும் அதைக் கொண்டுபோகக் கூடாது. கடுக்குது, எரியுது, சொட்டுச் சொட்டாப் போகுது, அடைச்சுக்கிட்டு வரமாட்டேங்குது: இவை ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தடயம். வீட்டுக் குழந்தைக்குக் கண், மூக்கு, காது சொல்லிக் கொடுக்கும்போதே சிறுநீர், மலம் என்ற சொற்களையும் அதே குரலில் சொல்லிக் கொடுங்கள். குரலைத் தாழ்த்தினால் குழந்தை சொல்லோடு கூச்சத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

14 வேகங்களை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். பெண்ணின் உடம்பில் மாதந்தோறும் நடப்பது அதில் இல்லை. நாம் அதற்கு வைத்த பெயர்களோ தூரம், விலக்கு, தீட்டு. அந்தப் பெயர்களோடு வாழ்ந்தவர்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)