வர்ணமா, கறுப்பு மையா?

ஆரணிப் பட்டணத்தில் வர்ணத்தைப் பற்றிப் பேச்செடுப்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். கமண்டல நாக நதிக்கரையிலுள்ள அந்தப் பட்டு நெசவு ஊரில், திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட அரக்குச் சிவப்புக்கும் மாதுளைச் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாழிகை விஸ்தரிப்பார். அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளையாண்டான் ஒருவன் சித்திரக் கதை வரையக் கிளம்பினால், முதலில் வர்ணப் பெட்டியைத்தான் திறப்பான் என்று எதிர்பார்ப்போம். கறுப்பு மைப் புட்டியைத் திறக்கட்டும் என்பது நமது அபிப்பிராயம். காரணம் அவன் வீட்டுத் தறியிலேயே இருக்கிறது.

சேலைக் கரையில் அன்னமும் மயிலும் வருவதற்கு முன்னால், அந்த உருவம் கட்டம் போட்ட காகிதத்தில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் நிரப்பப்பட்டிருக்கும், அல்லது வெறுமையாயிருக்கும். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். துளை உண்டு, அல்லது இல்லை; நடுவே சமரசம் கிடையாது. அந்த நிலையிலேயே அன்னம் அன்னமாகத் தெரியாவிட்டால், எவ்வளவு சரிகையைக் கொட்டினாலும் அது வாத்தாகத்தான் முடியும்.

ஆனால் தறி இன்னொன்றும் சொல்லுகிறது. சாயம் ஏறிய பிறகே பட்டு நூல் தறிக்குப் போகிறது. பாவு நீலம், ஊடை பச்சை என்று முன்கூட்டி நிச்சயித்தால்தான் மயில் கழுத்து வர்ணம் பிறக்கும். பாதி நெய்த பிறகு யோசித்துப் பயனில்லை.

சித்திரக் கதையிலும் இந்த நிச்சயம் முதலிலேயே வேண்டும். வர்ணத்தை நம்பி வரைகிறவன் வெறும் கோட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். இரவை நீலமும் நெருப்பைச் சிவப்பும் பார்த்துக்கொள்ளும். வர்ணம் இல்லையென்றால் இரவு, தூரம், மழை, கோபம் எல்லாவற்றையும் மையே சொல்லியாக வேண்டும். பெல்ஜியத்து ஹெர்ஜே 1929-இல் ‘டின்டின்’ கதையைக் கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்தார். 1942 முதல் அவருடைய புத்தகங்கள் 62 பக்க வர்ணப் பதிப்புகளாக வந்தபோது, நூறு பக்கங்களுக்கு மேல் ஓடிய பழைய கதைகளைச் சுருக்கித் திரும்ப வரைய வேண்டியிருந்தது. பழைய படத்தின்மேல் தூரிகையை ஓட்டி ஒப்பேற்றிவிட முடியவில்லை.

நம் நாட்டிலோ, சிவகாசியைப் போல வேடிக்கையான உதாரணம் வேறில்லை. தெய்வத் திருவுருவங்களைப் பலவர்ணக் காலண்டர்களாக அச்சிட்டு தேசமெங்கும் அனுப்பிய ஊர் அது. 1972-இல் அங்கிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது. அந்நாளையச் சிவகாசிச் சித்திரக் கதைகளின் உட்பக்கங்களிலோ பெரும்பாலும் கறுப்பு மைதான்! ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித் தகடு வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். பிசகினால் கதாநாயகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்காரும். செலவோ பையனின் கைக்காசுக்கு எட்டாது.

மாயாவிக்கு இதனால் குறைவொன்றும் நேரவில்லை. 1962-இல் ‘வேலியன்ட்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் தொடங்கிய அந்தக் கதையை, ஸ்பெயின் தேசத்து ஜீஸஸ் பிளாஸ்கோ கறுப்பு வெள்ளைக்காகவே வரைந்தார். உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் வெறுமையில் மிதக்கிறது. அந்தத் திகிலுக்குக் காகிதத்தின் வெண்மையைவிடப் பொருத்தமான வர்ணம் எது?

‘இரத்தப் படல’த்தின் கதை வேறு. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் சித்திரம் தீட்டிய இது வர்ணத்துக்கென்றே பிறந்தது. இதன் 18 பாகங்களையும் லயன் காமிக்ஸ் 2010-இல் ஒரே தொகுப்பாக, எண்ணூறு பக்கங்களுக்கு மேல், கறுப்பு வெள்ளையில் வெளியிட்டது. 2018-இல் வர்ணத்தில் மீண்டும் கொண்டுவந்தது. வான்ஸ் மையைத் தாராளமாகச் செலவழிப்பவர். ஆகையால் முதல் பதிப்பிலும் கதை உயிர் பிழைத்தது. கஞ்சக் கோட்டுக்காரர் ஒருவர் வரைந்திருந்தால் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம். முந்திய பதிப்பைப் பரிகசிக்கவும் நமக்கு மனமில்லை. வர்ணத்துக்காகக் காத்திருந்தால் எட்டு வருஷம் தமிழ் வாசகருக்கு அந்த முழுத் தொகுப்பே கிடைத்திராது.

இப்போது கைப்பேசித் திரையில் கதை வெளியிடுவோருக்கு மைச் செலவும் தகட்டுச் செலவும் இல்லை. உழைப்புச் செலவு அப்படியே இருக்கிறது. ஜப்பானில் வாரந்தோறும் வெளிவரும் சித்திரக் கதைகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் ஓடுவதற்கு வேகமும் ஒரு காரணம். தனியாக உட்கார்ந்து வரையும் நம் ஆரணிப் பிள்ளை இதைக் கணக்கில் கொள்ளட்டும். வர்ணம் தீட்டும் நேரத்தில் எத்தனை பக்கம் கதை நகர்ந்திருக்கும்?

இத்தாலியில் 1948-இல் பிறந்த ‘டெக்ஸ்’ இதற்கு ரஸமான வழி கண்டது. நமது சிவகாசி வழியாகத் தமிழிலும் குதிரையேறி வந்திருக்கும் அந்த வீரன், சொந்த நாட்டில் மாதந்தோறும் கறுப்பு வெள்ளையில்தான் சவாரி செய்கிறான். நூறாவது இதழ், இருநூறாவது இதழ் என்று ஒவ்வொரு நூறுக்கும் ஒரு தரம் வர்ண உடுப்பு அணிகிறான், கல்யாணத்துக்குப் பெட்டியிலிருந்து பட்டுச் சேலையை எடுப்பதைப் போல.