ஆடியில் விதை, மார்கழியில் புள்ளி

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை குழந்தை கையால்தான் படிக்கிறது. புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாகப் பிரித்து வைக்கும் பிள்ளைக்கு ஐந்து என்பது உள்ளங்கையில் உருளும் வழவழப்பாகவும் கனமாகவும் பிடிபடுகிறது. கரும்பலகையில் 5 என்று எழுதிக் காட்டுவது அதற்குப் பிறகு வர வேண்டியது. தொட்டும் பிசைந்தும் கொட்டியும் அடுக்கியும் கற்கும் இந்த முறைக்கு விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவற்றை ஊரும் பருவமும் கொடுத்துவிடும்.

இந்தச் சிந்தனைக்கு வயது இருநூறை நெருங்குகிறது. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் 1837-இல் சிறுவர்களுக்கான கல்விக்கூடம் தொடங்கிய ஃபிரெடரிக் ஃபிரோபல், கம்பளிப் பந்து, மரக் கனசதுரம், உருளை ஆகியவற்றைப் பாடப்பொருள்களாக்கினார். ஒவ்வொரு குழந்தைக்கும் தோட்டத்தில் ஒரு பாத்தியையும் ஒதுக்கினார். ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 1907-இல் பள்ளி திறந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கச் செய்தார். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய நெல்லில் பிள்ளையின் விரல் பிடித்து 'அ' எழுத வைக்கும் வழக்கம் உள்ள ஊரில், உப்புத்தாள் எழுத்து அந்நியமாகத் தோன்றியிருக்காது. அந்த நெல் தாம்பாளத்தை ஒரு நாளோடு எடுத்து வைத்துவிடாமல், ஆண்டு முழுவதும் வகுப்பின் ஒரு மூலையில் வைத்திருக்கலாம்.

பள்ளி திறந்து பிள்ளைகளின் அழுகை ஓயும் நேரத்தில் ஆடி பிறக்கிறது. விதைக்கும் பட்டம் அது. இரவே ஊறவைத்த பச்சைப்பயறும் தட்டைப்பயறும் சில நாளில் முளைவிடும் என்பதால், பொறுமை குறைந்த வயதுக்கு ஏற்றவை. தொட்டிக்குக் கொட்டாங்குச்சி போதும். கண் உள்ள பாதியை எடுத்து அந்தக் கண்ணைக் குத்திவிட்டால் மிகுதியான நீர் வடிந்துவிடும். மண்ணை அள்ளிப் போடுவதும் விரலால் குழி இடுவதும் பிள்ளைகளின் வேலை. விதைத்த மறுநாளே முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தோண்டிய பயறில் வெள்ளை வேர் எட்டிப் பார்ப்பதைக் கண்ட பிள்ளைக்கு, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

இதிலேயே இன்னும் ஒரு படி போகலாம். அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பவர்கள் அதை வெளிச்சம் படாத அறையில் வைப்பதால் நாற்று வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். வகுப்பிலும் ஒரு கொட்டாங்குச்சியை அட்டைப்பெட்டிக்குள் மூடியும் இன்னொன்றை ஜன்னலோரத்திலும் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் விடலாம். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்ததுதான் உயரம். ஆனால் நிறமில்லை, தண்டும் துவளும். ஒளி இல்லாதபோது செடியில் பச்சையம் உருவாவதில்லை. இருக்கும் சத்தையெல்லாம் வெளிச்சம் தேடித் தண்டை நீட்டுவதற்கே செடி செலவிடுகிறது. பிள்ளைகளிடம் இந்தக் காரணத்தை முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். "ஜன்னல்ல வெச்சது ஏன் குட்டையா இருக்கு, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "பெட்டியில இருந்ததையும் ஜன்னலுக்கு மாத்துவோமா? என்ன ஆகுதுன்னு பாரு" என்பதே நல்ல பதில். நாற்றின் உயரத்துக்குத் தினமும் ஒரு காகிதக் கீற்றை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டினால், ஸ்கேல் பிடிக்கத் தெரியாத வயதிலேயே வளர்ச்சியை அளந்தாகிவிட்டது.

ஆவணியில் விநாயகருக்காகக் களிமண் வீதிக்கே விற்பனைக்கு வரும். பிசைவதும் உருட்டுவதும் விரல்களுக்கு வலுவூட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதியை வடகிழக்குப் பருவமழை கொண்டுவருகிறது. அந்த நாட்களில் பிள்ளைகளை ஜன்னலைச் சாத்தி உட்கார வைப்பது பெரிய இழப்பு. நேரான சுவருள்ள டப்பா ஒன்றை முற்றத்தில் வைத்து, மறுநாள் ஒரு குச்சியை உள்ளே விட்டு நனைந்த இடத்தில் கோடு போட்டால் அது மழைமானி. காகிதக் கப்பல், வேப்பங்குச்சி, கூழாங்கல், கொட்டாங்குச்சி ஆகியவற்றில் எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் சொல்ல வைத்து, பிறகு தண்ணீரில் போட்டுப் பார்க்க வைக்க வேண்டும். ஊகம் தவறும்போதுதான் பிள்ளையின் பேச்சு பெருகும்.

மார்கழிக்கு என்று தனிச் சிறப்பு உண்டு. கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடுக்கிச் சிறிது சிறிதாக விடும் பிடிதான் பின்னால் பென்சில் பிடிக்கவும் உதவுகிறது. முதல் சில நாட்கள் மாவு கொத்தாக விழும். அப்போது கோடு இழுக்கச் சொல்லாமல் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லலாம். மூன்று வரிசையில் மும்மூன்று புள்ளி நன்றாக வந்தபின், நடுவில் ஐந்து வைத்து இருபுறமும் மூன்று, ஒன்று எனக் குறையும் நேர்ப்புள்ளிக்கு நகரலாம். மொத்தம் 13 புள்ளி. எண்ணிக்கை, வரிசை, இடமும் வலமும் ஒத்திருக்கும் சமச்சீர் எல்லாம் ஒரே வேலையில் வந்துவிடுகின்றன. கல்மாவு வேண்டாம், பச்சரிசி மாவே நல்லது. பிள்ளைகளின் கை வாய்க்குப் போகும். எறும்பு வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பின்தொடரவும் செய்வார்கள்.

தையில் கரும்பு, மஞ்சள் கொத்து, புது நெல். உமியும் அரிசியும் பிரிவதை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது பொங்கல் படத்துக்கு வண்ணம் தீட்டுவதைவிட மேலானது. பங்குனி வெயிலில் கல் உப்பைத் தண்ணீரில் கரைத்து அகலத் தட்டில் ஊற்றி வெளியே வைத்தால், தண்ணீர் வற்றி உப்பு மீண்டும் தட்டில் படியும். நுங்கு தின்ற கூந்தலில் வண்டி செய்து உருட்டும் விளையாட்டைத் தாத்தா யாராவது வந்து சொல்லித்தரலாம்.

இதற்கெல்லாம் அரசு ஏற்பாட்டிலும் இடம் இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் 1975 முதல் நடந்துவரும் அங்கன்வாடிகளுக்குத் தமிழ்நாட்டில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற, விளையாட்டை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் உண்டு. 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் எட்டு வயது வரை விளையாட்டு வழிக் கல்வியையே முன்வைக்கிறது. ஆனாலும் எல்.கே.ஜி. பிள்ளையின் நோட்டில் பக்கம் பக்கமாக எழுத்து இல்லையென்றால் பெற்றோர் பதறுகிறார்கள். அந்தப் பதற்றத்துக்குப் பணிந்து, விரல் எலும்புகளும் தசைகளும் முதிராத கையில் பென்சிலைத் திணிப்பது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். பிள்ளை நட்ட பயற்றங்கன்றையும் சுவரில் ஒட்டிய கீற்றுகளையும் பெற்றோரை அழைத்துக் காட்டி, அதைப் பற்றிப் பிள்ளையையே பேச வைத்தால் நோட்டைவிட அதிகம் புரியும்.

பொருள்களைத் தேர்வதில் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் புளியங்கொட்டை, பயறு போன்றவற்றைத் தரக் கூடாது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். கறுப்புக் கண் கொண்ட சிவப்புக் குன்றிமணி பார்க்க அழகு. ஆனால் மென்றால் உயிருக்கே ஆபத்தான நச்சு அதில் இருக்கிறது. ஆமணக்கு விதையும் அப்படியே. இலையும் பூவும் பொறுக்கப் போகும் நாளில் அரளிச் செடி இல்லாத வழியாகக் கூட்டிச் செல்ல வேண்டும். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியையும் தொட்டியையும் உடனே கவிழ்த்துவிட வேண்டும்.