ஈர விறகும் கடன் கொப்பியும்

2021 ஒக்டோபரில் 12.5 கிலோ லிட்ரோ காஸ் சிலிண்டர் ஒரே நாளில் 1,493 ரூபாயிலிருந்து 2,750 ரூபாய்க்கு ஏறியது. அடுத்த மாதம் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வரத் தொடங்கின. 2022 ஏப்ரலில் விலை 4,860 ரூபாய். அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பல்கனிகளில் மூன்று கல் அடுப்பு முளைத்த காலம் அது. ஓட்டோவோ பட்டா லொறியோ வைத்திருந்தவருக்கு விறகு ஒரு திடீர்த் தொழிலானது.

பிறகு காஸ் வந்தது. வீட்டுக்காரர் விறகை மறந்தார்கள். போறணை, கல்யாணச் சமையல், கோயில் மடைப்பள்ளி, தைப்பொங்கலுக்கு முந்திய சில நாட்கள் என்று வாடிக்கை சுருங்கியது. பாமன்கடையில் ஒருவர் இன்று சின்னதாக விறகு வியாபாரம் தொடங்கினால் இந்த வாடிக்கையாளர்களை நம்பித்தான் தொடங்க வேண்டும். இவர்களில் பலர் கடனுக்கு வாங்குகிறவர்கள். ஆபத்து முக்கியமாக அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் சில சின்ன விஷயங்கள்.

'கட்டு' என்பது ஓர் அளவு அல்ல. ஒருவருடைய கட்டில் எட்டுத் துண்டு, இன்னொருவருடையதில் ஐந்து. கிலோவில் விற்றால் சண்டை குறையும்; ஆனால் ஈரம் குறுக்கே வரும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராகவே இருக்கக்கூடும். அப்படி 100 கிலோ வாங்கி அடுக்கினால், ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும்போது கையில் இருப்பது 62 கிலோ சொச்சம். மிச்சம் காற்றோடு போனது. கொள்முதல் விலையை மட்டும் பார்த்து விற்பனை விலை போட்டவர்கள் நட்டப்படுவது இப்படித்தான். காய விடாமல் ஏற்றிவிட்டாலோ, அடுப்படியில் புகை தின்கிறவர் வாங்கியவர். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மந்தமாக. வெட்டுமுகத்தில் வெடிப்பும் தெரியும். எடை பார்க்கும் தராசு, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும்.

விறகு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. ரப்பர் தோட்டத்தில் வயது போன மரங்களைத் தறித்து விற்பது வழக்கமான கொள்முதல். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் அப்படியல்ல. சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் விடாது. அனுமதி பிரதேச செயலகம் வழியாக வர வேண்டும். மஞ்சளாக வைரம் பாய்ந்த பலா விறகு மலிவாகக் கிடைக்கிறது என்று ஏற்றிவிட்டுப் பாதையில் பொலிஸ் மறித்தால் லொறிக்காரர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விற்றவரின் பெயர், இடம், மர வகை எழுதிய பற்றுச்சீட்டு வண்டியிலேயே இருக்கட்டும். எந்த மரத்துக்குப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவை என்பதை ஏற்றும் மாவட்டத்து வன அலுவலகத்தில் கேட்டுவிட்டே ஏற்றுங்கள்.

வணிகப் பெயரைப் பதிவதற்கு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். அங்கே தமிழில் பேசவும் எழுதவும் கூச்சப்பட வேண்டாம். மொழி உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. விறகு காலை வைக்கும் இடத்துக்கு கொழும்பு மாநகர சபையில் அனுமதி கேளுங்கள். களுபோவிலப் பக்கம் இடம் எடுத்தால் அது தெகிவளை–கல்கிசை மாநகர சபை. தொடர்மாடிப் படிக்கட்டின் கீழ் அடுக்குவது வாடகை மிச்சம் பிடிக்கும் வழிதான். தீப் பிடித்தால் எல்லா வீட்டுக்காரரும் இறங்கும் வழியும் அதுவே. தீயணைப்புக்கு 110. ஏற்றி இறக்க ஒரே ஒரு பொடியனை வைத்தாலும் நீங்கள் முதலாளிதான்: ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். மரம் காலில் விழுந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் உங்களைத் தேடி வரும்.

இனிக் கடன் கொப்பி.

சாப்பாட்டுக் கடைக்கு வாரம் இரண்டு லோட். முதல் மாதம் காசு சரியாக வருகிறது. பிறகு “அண்ணை, அடுத்த கிழமை பாப்பம்.” முகம் பார்த்துப் பழகியவர், கேட்கச் சங்கடம். கொப்பியில் எழுதி எழுதி ஒன்றரை வருடம் போகிறது. அப்போது நீதிமன்றத்தை நினைத்தால், பழைய பாக்கிக்குச் சட்டம் கையை விரித்துவிடும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் 8ஆம் பிரிவு, விற்று ஒப்படைத்த சரக்கின் விலைக்கும் கடைக் கணக்குக் கடனுக்கும் வழக்குப் போட ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து அந்த வருடம் ஓடுகிறது. எழுத்தில் செய்த ஒப்பந்தத்துக்கு 6 வருடம். நாணயமான பழைய வியாபாரிகள் பலருக்கே இந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொண்டு இழுத்தடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பொலிஸுக்கு ஓடிப் பயனில்லை. வெறும் கடனை அறவிடுவது அவர்கள் வேலையல்ல. காசோலை திரும்பினால் கதை வேறு: கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றம். மற்றபடி முதல் படி மத்தியஸ்த சபை. 1988 முதல் இருக்கும் ஏற்பாடு. சட்டத்தரணி வேண்டாம், இருவரும் நேரில் பேசலாம். சிறிய தொகை வழக்குகளுக்கு, அங்கே தீரவில்லை என்ற சான்றிதழ் இருந்தால்தான் நீதிமன்றம் கதவைத் திறக்கும். அந்தச் சான்றிதழுக்கும் நாள் எடுக்கும் என்பதால் பதினோராவது மாதத்தில் விழித்துக்கொள்ளாதீர்கள்.

வாங்குபவருக்கும் வழி உண்டு. பேசிய அளவை விடக் குறைவாக வந்தால், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி இறக்காமல் திருப்பி அனுப்பலாம். இறக்கிவிட்டால் வந்த அளவுக்கு மட்டும் காசு கொடுக்கலாம். பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள்; தொலைபேசி 1977.

விற்பவருக்கு இன்னும் ஒன்று. கடன்காரர் கையெழுத்திட்டுக் கடனை ஏற்றால், அந்த ஒரு வருடம் அந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். வாய்ச்சொல் செல்லாது. எனவே மாத முடிவில் கொப்பியைக் கடைக்கு எடுத்துப்போய் இப்படி ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்து வாங்குங்கள்: “இன்றைய திகதி வரை வாங்கிய விறகுக்கு நான் இன்னும் இத்தனை ரூபாய் கொடுக்க வேண்டியுள்ளது.” தேநீர் குடித்துக்கொண்டே கேட்கலாம்.